பளபளப்பை விழுங்கும் கண்ணாடி

என் படத்தில் தொட்டித் தண்ணீர் வெறும் வெள்ளையாக இருந்தது. அவன் படத்தில் தண்ணீரே இல்லாதது போல, அடியில் ஊறிக் கிடந்த ஆட்டுத்தோல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. தொட்டி ஒன்றுதான், காலையும் ஒன்றுதான். இருவரும் ஒரே சுவரின் மேல் நின்றுதான் எடுத்தோம்.

அப்போது நான் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஆம்பூர் நிருபர். செய்தியும் படமும் நானே அனுப்புவேன். தோல் ஏற்றுமதி பற்றி நான் எழுதிய கட்டுரை ஞாயிற்றுக்கிழமை வந்தது. கட்டுரையின் கீழே என் பெயர் இருந்தது. மேலே நான்கு பத்தி அகலத்துக்குப் போட்டிருந்த படம் அவனுடையது. வேலூரிலிருந்து அவனும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறான், ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். அன்று முழுவதும் அந்தப் பக்கத்தை மடித்து வைப்பதும் மறுபடி பிரிப்பதுமாக இருந்தேன்.

அவன் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பையன். வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் நானும் அவனும் ஒன்றாகப் பிரிண்ட் கழுவித் தொழில் கற்றோம். என்னை எப்போதும் 'தோஸ்த்' என்றுதான் கூப்பிடுவான். பிறகு அவன் அங்கேயே சொந்த ஸ்டூடியோ வைத்தான். நான் பத்திரிகைக்குப் போனேன்.

தண்ணீரின் வெளுப்பு எப்படிப் போனது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கண்ணாடியை அவன் வாங்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சென்னை மவுண்ட் ரோடு கடையில் ஆளுக்கு ஒரு ஃபில்டர் வாங்கலாம் என்று போயிருந்தோம். மேகம் எடுப்பாகத் தெரிவதற்கான மஞ்சள் ஃபில்டர் எங்கள் இருவரிடமும் இருந்தது. கடைக்காரர் இன்னும் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நிறமே இல்லாத வெறும் கண்ணாடி, லென்ஸுக்குக் காவல். மற்றது போலரைசர். சாம்பல் நிறம், வளையத்தைத் திருப்பலாம். தண்ணீர், கண்ணாடி, வார்னிஷ் போன்றவற்றின் மேல் அடிக்கும் வெளிச்சத்தை அது எடுத்துவிடும் என்றார்.

நான் வெறும் கண்ணாடியை எடுத்தேன். தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறிக்கும், பதனிட இடிக்கும் மரப்பட்டையின் தூள் காற்றில் பறந்துகொண்டே இருக்கும். காய்ந்த சுண்ணாம்பைத் துணியால் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும். முன்னால் மாட்டிய கண்ணாடி கீறினால் கழற்றி எறிந்துவிடலாம், லென்ஸை எறிய முடியாது. எங்கள் ஊரில் வேலை செய்கிறவன் எடுக்க வேண்டிய சரியான முடிவு அது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். அவன் போலரைசரை எடுத்தான். லென்ஸுக்குக் கூலிங் கிளாஸா என்று கிண்டல் செய்தேன். பஸ் வரும்வரை அதைக் கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிக் கடைகளின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வேறு வேலை என்று சொல்லி வேலூர் போனேன். அவன் எதையும் மறைக்கவில்லை. எங்களுடையவை இரண்டு லென்ஸ் கேமராக்கள். மேல் லென்ஸில் பார்ப்போம், கீழ் லென்ஸ்தான் படம் எடுக்கும். ஃபில்டரை முதலில் மேல் லென்ஸில் வைத்துத் திருப்ப வேண்டும். பளபளப்பு மறையும் இடத்தில் நிறுத்தி, வளையத்திலுள்ள குறியைப் பார்த்துக்கொண்டு, அதே நிலையில் கீழ் லென்ஸுக்கு மாற்ற வேண்டும். வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்துவிடும், அதனால் ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது. நேர் மேலேயிருந்து எடுத்தாலும் பிரயோஜனமில்லை, தரையோடு தாழ்ந்து எடுத்தாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வு உண்டு. குறியைப் பார்க்காமல் மாற்றி ஒரு ரோலை வீணாக்கியதைச் சொல்லிச் சிரித்தான். ஒளித்து வைத்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்பூர் முதலாளி ஒருவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மெருகேற்றிய ஆட்டுத்தோல்களைப் படம் பிடித்து ஆல்பமாக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு மாதமும் புது சரக்கு, புதுப் படம் என்றார். அந்த வேலை கிடைத்தால் பத்திரிகை கொடுப்பதை நம்பி நான் காலம் தள்ள வேண்டாம், ஆம்பூரிலேயே ஒரு டார்க்ரூம் போட்டுக்கொள்ளலாம். அவனுக்குக் கல்யாணப் படங்களே ஜாஸ்தி. ஆனாலும் வந்தான். ஒரே தோலை இருவரும் எடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் முதலாளி.

தரம் பிரிக்கும் கூடத்தில் எடுத்தோம். இங்கே அந்தக் கூடங்களுக்கு வடக்கில் மட்டும்தான் ஜன்னல் வைப்பார்கள். நேர் வெயில் விழாது, நாள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் இருக்கும். தரம் பார்க்கிறவர் சாய்ந்த மேஜையில் தோலைப் போட்டு, மினுமினுப்பு நழுவிப் போகும்வரை ஓரத்தைத் தூக்கிச் சாய்ப்பார். அப்போதுதான் உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்திக்கீறல் எல்லாம் தெரியும். அதை வைத்து முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று அடுக்குவார்கள்.

அவன் ஸ்டாண்டை ஊன்றிப் படத்தை எடுத்து முடித்தான். ஃபில்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"இந்தா தோஸ்த், போட்டுப் பாரு."

வேண்டாம் என்றேன். என் வெறும் கண்ணாடியோடு, ஜன்னல் வெளிச்சம் தோலின் மேல் முழுதாக விழும்படி எடுத்தேன். அந்தக் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், மினுங்கும் இடங்களைச் சுற்றி மெல்லிய பூச்சுப் போல ஒரு ஒளி படரும். அது குறைதான் என்று எனக்குத் தெரியும்.

பிரிண்டுகளை முதலாளி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இளவயதில் அவரே தரம் பார்த்தவர். காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிச் சாய்த்தார். சாய்த்தால் படத்தில் எதுவும் மாறப்போவதில்லை. ஆனாலும் சாய்த்தார். அவன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, உண்ணிப் புள்ளி ஒண்ணொண்ணா எண்ணலாம் போலக்குது?"

"இருக்கறதுதான் சாஹிப் வந்திருக்குது."

"இருக்குது. நான் இல்லன்னா சொன்னேன்? அத கப்பல் ஏத்தி அனுப்பிக் காட்டணுமா?"

பிறகு என் படத்தை எடுத்தார். தோல் அதில் ஈரமான பாறை போல மின்னியது. புள்ளி ஒன்றும் தெரியவில்லை. வேலையை எனக்குக் கொடுத்தார்.

பஸ் நிற்கும் இடம்வரை அவன் கூடவே வந்தான். டார்க்ரூமுக்கு எந்த அறை, தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டான். பழைய கழுவும் தட்டுகள் இரண்டு இருக்கின்றன, ஆள் மூலம் அனுப்புகிறேன் என்றான். எதிராளியின் முகத்தைப் படிப்பது என் தொழில். ஏமாற்றம், கசப்பு, ஏதாவது ஒன்று அவன் முகத்தில் ஒரு நொடியாவது வந்து போகும் என்று பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸில் ஏறி, ஜன்னலிலிருந்து கையாட்டிவிட்டுப் போனான். ஜெயித்தவன் நான். வீடு வரை பேஜாரோடு நடந்தவனும் நான்தான்.

அடுத்த மாதம் வேலைக்குப் போனபோது கூடத்தின் நடுத்தூணில் அவன் படம் இருந்தது. சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். புதிதாகத் தரம் பார்க்க வந்த இரண்டு ஆட்களை அதன் முன்னால் நிறுத்தி, எது உண்ணி, எது கத்தி என்று முதலாளியே விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் நகரும்வரை காத்திருந்து, என் படங்களில் ஒன்றையும் பக்கத்தில் மாட்டலாமே என்றேன். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"உன் படம் தோல விக்கும் தம்பி," என்றார். "விக்கறதுக்கு முன்னாடி நான் பாத்து வாங்கணும் இல்ல?"

சொல்லிவிட்டு அடுத்த தோல்கட்டைப் பிரிக்கப் போய்விட்டார்.

அவனுக்குச் சேதி ஏற்கெனவே போயிருந்தது. தட்டுகளைக் கொண்டுவந்த ஆள், சாஹிப் கையாலேயே ஆணி அடித்தாராமே என்று அவன் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவதாகச் சொன்னார். என் ஆர்டரைப் பற்றி அவன் வருத்தப்படவில்லையா என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அந்தக் கூடத்தில் ஆறு வருஷம் படம் எடுத்தேன். வெளிச்சம் சரியாக அமைய வேண்டுமானால் மேஜைக்குத் தெற்கே ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். அங்கே நின்றால் தூணில் மாட்டிய அவன் படம் பக்கவாட்டில் சாய்வாகக் கண்ணில் படும். சட்டத்தின் கண்ணாடியில் வடக்கு ஜன்னல் முழுதாக விழுந்து, படம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் தெரியும். போலரைசரை மாட்டி ஒரு திருப்புத் திருப்பினால் அந்த வெள்ளை போய்விடும், தோலும் புள்ளிகளும் தெரியும். அதற்குப் பிறகு சென்னைக்கு எத்தனையோ தடவை போனேன். அந்தக் கடையில் ஃபிலிம் வாங்கினேன், காகிதம் வாங்கினேன், கீறல் விழும்போதெல்லாம் புது வெறும் கண்ணாடி வாங்கினேன். அதை மட்டும் வாங்கவில்லை.