இடப்புற விளக்கும் நான் சுமத்திய பழியும்

அன்னவாசல் கடைத்தெருவில், பால் விற்பவர் ஒருவர்மீது பலர் கேட்க நான் ஒரு பழி சுமத்தினேன். அது பொய். வாயால் சொல்லித் திருத்த முயன்றும் இயலாது போயிற்று. ஆதலின் எழுத்தில் வைக்கிறேன்.

தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் நான் இருசக்கர வண்டியில்தான் செல்கிறேன். ஒருநாள் காலை, நூலகத்திற்குச் செல்ல வலப்புறம் திரும்பியபோது பின்னே வந்த பால்வண்டி மோதிற்று. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருடைய கேன்கள் உருண்டு, பால் முழுதும் சாலையில் ஓடிற்று.

"லெஃப்ட் இண்டிகேட்டரப் போட்டுக்கிட்டு ரைட்டுல திரும்புனீங்களேய்யா!" என்றார் அவர்.

"காலையிலேயே குடிச்சிட்டு வண்டி ஓட்டுறியா?" என்றேன் நான்.

அவரிடம் மது வாடையே இல்லை. அதை அப்போதே அறிந்திருந்தேன்.

"ஐயா பொய் சொல்வாரா? கேனைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர். பால்காரர் வெறும் கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு போனார். சில நாள்களில் எங்கள் தெருவின் நான்கு வீடுகள் அவரிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டன.

நானோ, இனி எவரும் என்மீது குறை கூறலாகாது என்று, வண்டிக்குக் காணொளிக் கருவி வாங்கப் புதுக்கோட்டைக்குச் சென்றேன். தலைக்கவசத்தில் மாட்டும் வகையைக் கழுத்து வலிக்கும் என்று விலக்கி, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு கருவிகள் கொண்டதைத் தேர்ந்தேன். சாவியைத் திருப்பியதும் தானே பதியத் தொடங்குமாறு கடைக்காரர் பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்தார்; பதிவுப் பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்தார். முன்கருவியை முகப்பு விளக்கின் கீழே திருகப் போனபோது தடுத்தேன்.

"கைப்பிடியில வைங்க."

"அங்கிட்டு வச்சா மீட்டர் பாதிப் படத்த மறைச்சிருமுங்க."

"மறைக்கட்டும். நாப்பதுக்கு மேல நான் போறதில்லங்கிறதும் பதியணும்."

"ஒங்க மேல ஒங்களுக்கே சந்தேகமாங்கய்யா?" என்று சிரித்தார். அச்சிரிப்பு எனக்கு உவப்பாக இல்லை.

மூன்றாம் நாள் பதிவுகளைக் கைப்பேசியில் பார்த்தேன். வேகம் முப்பத்தைந்து, மகிழ்ந்தேன். பிறகுதான் வேகமுள்ளின் அருகே இடப்புறம் காட்டும் பச்சை அம்புக்குறி மின்னிக்கொண்டிருப்பதைக் கண்டேன். எங்கள் தெருவிலிருந்து இடப்புறம் திரும்பியபோது போட்ட விளக்கு, நூலகத்திற்காக வலப்புறம் திரும்பும்வரை அணையவே இல்லை. முந்தைய நாள் பதிவிலும் அவ்வாறே. அதற்கு முந்தைய நாளும் அவ்வாறே. அதன் ஒலி தலைக்கவசத்துக்குள் என் செவிக்கு எட்டவில்லை போலும். மோதல் நேர்ந்த நாளுக்குப் பதிவு ஏதுமில்லை. ஆயினும் அவர் கூறியதை ஐயுற இனி எனக்கு என்ன உரிமை?

பால் கொள்முதல் நிலையத்தில் கேன் கழுவிக்கொண்டிருந்த அப்பால்காரரிடம் சென்று, "தப்பு என்மேலதாங்க" என்றேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? என்னையக் குடிகாரன்னு கேட்டுட்டுப் போனாங்கள்ல, அவங்ககிட்டச் சொல்லுங்க."

நான்கு வீடுகளுக்கும் சென்று சொன்னேன். ஒரு வீட்டில் மட்டும் மீண்டும் பால் வாங்கினர். கடைத்தெருத் தேநீர்க் கடையிலும் நின்று சொன்னேன்.

"பாத்தியளா, பால்காரன் பொழப்புக் கெடக்கூடாதுன்னு ஐயா பழியத் தன் தலையில போட்டுக்கிறாரு! பெரிய மனசுய்யா!" என்றார் அன்று கூட்டத்தில் பேசிய அதே மனிதர். கைப்பேசியை எடுத்து அம்புக்குறியைக் காட்டினேன். "இது வேற நாளுல்லங்க?" என்றார். யாரோ எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். பொய் சொன்னபோது கிடைத்த மதிப்பு, மெய் சொன்னபோது இரட்டித்தது. அந்நாற்காலியில் அமரவும் கூசினேன், ஆயினும் அமர்ந்தேன்.

அன்று அவ்விடத்தில் நின்றவர் எவரேனும் இதனைப் படிக்க நேரின், என் வண்டியில் எவ்விளக்கு எரிந்தது என்பதை மரியாதை பாராமல் ஊரறியச் சொல்லுக. இவ்வெழுத்தில் நான் என்னை மென்மையாகக் காட்டிக்கொண்ட இடம் உளதாயின், அதனைப் பிழையெனக் கொண்டு திருத்துமாறு வேண்டுகிறேன்.