செவிலித்தாய் ஒரோவானா

சாந்தாரெம் அரண்மனையில் ஒரோவானாவை எந்தக் காவலனும் தடுத்ததில்லை. அரசர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குப் பால் கொடுத்தவள் அவள். அரசிக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட, தேஜோ ஆற்றின் அக்கரையிலிருந்து அவளை அழைத்துவந்தார்கள். தன் மகன் பாயோவை ஆட்டுப்பாலுக்குப் பழக்கிவிட்டு வந்தாள். அவள் ஊர் திரும்பியபோது, பாயோ அவளை யாரோ என்று நினைத்து அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பல வருடங்கள் கழித்து மழை பொய்த்த ஆண்டில், பாயோ அரசரின் வேட்டைக்காட்டில் மான் அடித்துப் பிடிபட்டான். அதற்கு வலது கையை வெட்டுவது சட்டம்.

ஒரோவானா படகேறி அரண்மனைக்குப் போனாள். அரசர் பிரபுக்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் வேட்டை நாய்கள் எலும்புக்குச் சண்டையிட்டன. அவளைக் கண்டதும் அரசர் எழுந்தார்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்மா. சட்டம் நான் போட்டது. உன் மகனை விட்டா, நாளைக்கு எவன் எனக்குக் கட்டுப்படுவான்?"

"விடச் சொல்லி வரல ராசா. வெட்டும்போது நீங்க பக்கத்துல நிக்கணும். அவ்வளவுதான்."

"கிழவிக்கு வேடிக்கை பாக்கத் துணை வேணுமாம்" என்றார் ஒரு பிரபு. யாரும் சிரிக்கவில்லை.

"நான் நின்னா உனக்கு என்னம்மா ஆகப்போகுது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஆகும்."

மறுநாள் சந்தைத் திடலுக்கு அரசர் வந்தார். கோடரி உயர்ந்தபோது முகத்தைத் திருப்பினார். "பாருங்க" என்றாள் ஒரோவானா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் பார்த்தார்.

அந்தக் குளிர்காலமே கை வெட்டும் சட்டத்தை அரசர் நீக்கிவிட்டார். அக்கரைக்குக் கோதுமையும் எண்ணெயும் அனுப்பினார். எல்லாவற்றையும், அவை வந்த படகிலேயே அவள் திருப்பி அனுப்பினாள். அரண்மனைப் பக்கமே போகவில்லை.

அரசர் சாகக் கிடந்தபோது அவளைத்தான் கேட்டார். ஆள் வந்து நின்றும் அவள் அசையவில்லை.

"போம்மா" என்றான் பாயோ. "சாகிறவன் கூப்பிடுறான். அவன்கிட்ட என்ன வீம்பு?"

போனாள். அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு, உயிர் போகும்வரை பக்கத்தில் இருந்தாள். கண்களை மூடிவிட்டவளும் அவள்தான். அடக்கத்துக்கு இருக்கச் சொன்னார்கள்.

"அறுப்பு நடக்குது. என் மகனால ஒத்தக் கைய வச்சுக் கதிர்க்கட்டு கட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தாள்.