திரிந்த பாலும் மூன்று வீடுகளும்

பிள்ளைகளே, பாலில் எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, பிழிந்து பால்கட்டி எடுத்து, அதைப் பழத்தோடு மாறி மாறி ஒரு போத்தலில் அடுக்கினால் அருமையான காலைச் சாப்பாடு. செய்கிற முறையை நடுவில் சொல்கிறேன். ஆனால் அது எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாப்பாட்டைக் கண்டுபிடிப்பதற்குள் நான் ஒரு பெண்ணின் நல்ல பெயரைக் கெடுத்துவிட்டேன்.

நான் லொறி ஓட்டுகிறவன். சாதாரணதரப் பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவன். விடிவதற்கு முன்பே வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்புவேன். நாவுலப் பக்கம் மரக்கறி ஏற்றி, தம்புள்ளைச் சந்தையில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிடும். மனைவி கார்மெண்டில் தைக்கிறாள். ஆறேகாலுக்கு அவளுடைய வேன் வரும். பால் கொண்டுவருகிற அக்கா ஐந்து மணிக்கு வருவார். ஆகவே கிழமை நாட்களில் எங்கள் வீட்டுப் பால் அடுப்பில் ஏறுவதை நான் பார்ப்பதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவுக்கு இரண்டு மாடு. கணவர் இல்லை. எங்கள் ரோட்டில் ஆறு வீட்டுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பால் சென்டருக்குக் கொண்டுபோவார். பால்மாத் தட்டுப்பாட்டில் கடைகடையாக அலைந்த காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அவருடைய மாடுகள்தான்.

ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்தேன். அடுப்படியில் ஒரு சட்டி, மூடி போட்டிருந்தது. திறந்தால் பச்சையும் மஞ்சளுமாகப் புளித்த தண்ணீர், அதில் வெள்ளை வெள்ளையாய்த் துகள். திரிந்த பால். சாயந்தரம் மனைவி வந்ததும் கேட்டேன்.

"பால் திரிஞ்சு போச்சா?"

"ம்," என்றாள். "அந்தத் தண்ணிய ஊத்திறாதீங்க. ரொட்டிக்கு மாவு பிசைய வச்சிருக்கேன்."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே சட்டி, அதே தண்ணீர். அடுத்த கிழமை மூன்று தரம். பால் திரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். லொறி ஓட்டுகிறவனுக்கு அந்தப் பயம் இன்னும் கொஞ்சம் கூட. நேற்றுப் பாலை இன்றைய பாலோடு கலந்து ஊற்றுகிறாரோ, தண்ணீர் சேர்க்கிறாரோ என்று யோசிக்கத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானே வாசலில் நின்று பாலை வாங்கினேன். பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்த்தேன். ஓடவில்லை, நின்றது. தண்ணீர் கலக்காத பால். நானே காய்ச்சினேன். பொங்கி வந்தது. திரியவே இல்லை.

நியாயமான மனிதன் என்றால் அத்தோடு விட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் வீட்டில் இருக்கிற நாள் பார்த்து நல்ல பாலைக் கொண்டுவருகிறார் என்று தோன்றியது. சந்தேகம் பிடித்தவனுக்கு நல்ல பாலும் சாட்சிதான்.

இன்னொன்றும் உறுத்தியது. தம்புள்ளையிலிருந்து நான் கொண்டுவருகிற பழங்கள் காணாமல் போயின. அடிபட்டதென்று வியாபாரிகள் சும்மா தருகிற பப்பாசி, அன்னாசி. ஞாயிறு வைத்த பப்பாசி செவ்வாய் இல்லை. ஜாம் போத்தல் இரண்டும் அலுமாரியில் இல்லை. என் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழிந்திருந்தது. இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பால்கார அக்காவைப் பற்றி மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

சலூனில் முடி வெட்டப் போனபோது, சலூன்காரர் கேட்டார்.

"என்னாண்ணே, மொகம் இருண்டு கெடக்கு?"

"ஒங்க வீட்டுப் பால் திரியலையா?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"இல்லையே."

"பாத்து வாங்குங்க. எங்க வீட்டுல கெழமைக்கு மூணு நாள் திரியுது."

அவ்வளவுதான் சொன்னேன். பிறகு சில்லறைக் கடைக்காரரிடமும், பக்கத்து வீட்டு டீச்சரிடமும் அதே அளவுதான் சொன்னேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. மனைவி அப்போது சந்தைக்குப் போயிருந்தாள்.

"தம்பி, மூணு வீட்டுல பால் வேணான்னுட்டாங்க. ஒங்க வாயால வந்த பேச்சாம்."

"நான் யாரு பேரையும் சொல்லலையே அக்கா."

"இந்த ரோட்டுல பால் ஊத்துறது நான் ஒருத்திதான். பேரு வேற சொல்லணுமா?"

எனக்கு ரோஷம் வந்தது. "அப்ப ஞாயித்துக்கெழமை மட்டும் ஏன் திரியல? அதச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழமைக்குன்னு தனியா ஒரு மாடா வளக்குறேன்?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இது பால் சென்டர்காரங்க காதுல விழுந்தா என் பாலத் தொடவும் மாட்டாங்க தம்பி. ரெண்டு மாட்டையும் வித்துட்டு நான் என்னா செய்ய?"

எங்கள் வீட்டுக்கென்று கொண்டுவருகிற மூடி வாளியிலிருந்து அவர் ஊற்றிய பாலை நான் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பால் வந்த வாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனி, இல்லாவிட்டால் இரண்டு கறிவேப்பிலைக் கொத்தாவது போட்டுக் கொடுப்போம். அன்று நான் வாளியைக் கழுவி, துடைத்து, வெறுமையாகக் கொடுத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கால்வாசித் தூரம் போன பிறகுதான் லைசன்ஸ் வீட்டில் இருப்பது ஞாபகம் வந்தது. லொறியைத் திருப்பினேன். பின்பக்கமாக உள்ளே போனால் மனைவி அடுப்பின் முன்னால் நிற்கிறாள். பால் கொதிக்கிறது. கையில் பாதித் தேசிக்காய்.

"என்னா பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "லொறி கெட்டுப்போச்சா?"

"லொறி கெடக்கட்டும். பாலுக்குள்ள என்னாத்தப் பிழியுற?"

"தேசிக்காய்."

"பால் திரிஞ்சிருமே!"

"திரியத்தானே பிழியுறேன்."

நான் அப்படியே குந்தினேன். சட்டியில் பால் கட்டி கட்டியாகப் பிரிய, அவள் அதை என் வேட்டித் துண்டில் ஊற்றினாள். கீழே வடிந்தது அந்தப் பச்சைத் தண்ணீர். துணியைக் குழாயின் கீழ் பிடித்துப் புளிப்புப் போகக் கழுவி, இறுக்கிப் பிழிந்தாள். உள்ளே வெள்ளையாய், உதிரி உதிரியாய்ப் பால்கட்டி. ஒரு சிட்டிகை உப்பு.

பிறகு காணாமல் போன ஜாம் போத்தல் வந்தது. அடியில் பப்பாசித் துண்டு. அதன்மேல் இரண்டு கரண்டி பால்கட்டி. அதன்மேல் வட்டமாக வெட்டிய வாழைப்பழம், கறுக்காமல் இருக்க மிச்சத் தேசிக்காய் இரண்டு சொட்டு. மறுபடி பால்கட்டி, மறுபடி அன்னாசி. உச்சியில் வறுத்த நிலக்கடலையை நசுக்கித் தூவி, கறுவாப்பட்டைத் தூள் கொஞ்சம். சீனி கிடையாது. எல்லாம் பத்து நிமிடம். வேனில் இருந்தே கரண்டியால் சாப்பிடலாம்.

"வெறும் வயித்தோட போயி ரெண்டு தரம் மெஷினுக்கு முன்னால மயங்கி விழுந்தேன்," என்றாள். "கிளினிக்குல நர்ஸ் மிஸ், காலச் சாப்பாட்ட விடக் கூடாதுன்னு ஏசினாங்க. கூட வேல செய்ற பொண்ணுதான் இதக் காட்டித் தந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணம் கட்டின புதுசுல ஒரு நா பால் திரிஞ்சதுக்கு நீங்க லொறியவே எடுக்கல. தெனம் நானே திரிக்கப் போறேன்னு சொன்னா விடுவீங்களா?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

மூன்று வீட்டுக் கதையைச் சொன்னேன். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.  கேட்டுவிட்டு, தனக்காக அடுக்கிய போத்தலை மூடி என் கையில் தந்தாள்.

"இதக் கொண்டுபோய்க் காட்டுங்க. மறைச்ச தப்பு எனக்கும் இருக்கு, அதையும் சொல்லுங்க. மரக்கறி ஒரு மணித்தியாலம் காத்துக் கெடக்கட்டும்." அன்றும் அவள் வெறும் வயிற்றோடுதான் வேன் ஏறினாள்.

அக்கா தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் போத்தலை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார்.

"இந்த வெள்ளையா இருக்கிறது எம் பாலா?"

"ஆமாங்க அக்கா."

"மொதல்ல நீங்க தின்னுங்க."

தின்றேன். நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். "நல்ல பாலுக்கு வந்த கேட்டப் பாருங்க," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"எங்கிட்ட என்னாத்துக்கு? மூணு வீட்டுக்கும் போயி, அன்னைக்கு எப்படி வாயால சொன்னீங்களோ அதே மாதிரி சொல்லுங்க."

போனேன். சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணி பிழிஞ்ச தேசிக்காய்க்கு மாட்ட ஜெயில்ல போடப் பாத்தீங்களே!" என்றார். அன்று தொடங்கி மறுபடி பால் வாங்கினார். கடைக்காரரும் இரண்டு நாளில் வாங்கினார். டீச்சர் மட்டும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு அவங்க மேல எரக்கம் வந்திருச்சு, அதான் இப்படி சொல்றீங்க," என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்றுவரை அவர் வீட்டில் பால்மாதான். அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு லொறியின் சத்தம்கூடக் கூச்சமாக இருக்கிறது.

பால் சென்டருக்கு அந்தப் பேச்சு எட்டவில்லை. மாடு இரண்டும் இருக்கின்றன. மனைவி இப்போது மறைக்காமல் பாலைத் திரிக்கிறாள். நானும் லொறியை எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பப்பாசி வெட்டிக் கொடுப்பது என் வேலை. நீங்களும் செய்து பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அக்கா முன்புபோலப் பேசுகிறார், சிரிக்கிறார். வாளியில் நாங்கள் சீனி போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வாசலுக்கு வந்தால், பாலை ஊற்றுவதற்கு முன்னால் வாளியின் மூடியைத் திறந்து என் பக்கம் சாய்க்கிறார். "பாத்துக்கங்க தம்பி," என்கிறார்.

வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அவர் விடுவதில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தை நீட்டுகிறேன்.