நரையே இல்லாத வம்சம்

போன வாரம் என் மனைவியின் தம்பி முனிரத்தினத்துக்கு நெற்றி பன் போல வீங்கிவிட்டது. கண்ணைத் திறக்கவே சிரமம். காரணம், புதிதாக வாங்கிய ஹேர் டை!

பாக்கெட்டோடு திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முன்பக்கம் ‘மூலிகை’ என்று கொட்டை எழுத்து. உள்ளே என்ன கெமிக்கல்? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

“எது ஒத்துக்கலன்னு தெரியாம, எதைத் தவிர்க்கச் சொல்றது? அடுத்த தடவை மூச்சே திணறலாம்” என்றார் டாக்டர்.

அந்தச் சமயம் பார்த்து ஆந்திர எல்லையிலுள்ள வரதய்யபாளையத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். டை, க்ரீம் லேபிளில் ரசாயனங்களின் பெயர் வேண்டுமா, சரக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டுமா... அரசாங்கமே கேட்கிறது. விடலாமா? மச்சானை இழுத்துக்கொண்டு போனேன்.

வாசலிலேயே நின்றுவிட்டான். முன்வரிசையில் அவனுடைய வருங்காலச் சம்பந்தி! தடாவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். கடைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இதில் என்ன சிக்கல்? தன் மகளைப் பெண் பார்க்க அவர் வந்த அன்று இவன் அவரிடம் பெருமையடித்திருந்தான் — “எங்க வம்சத்துலயே நரை கெடையாது!”

“மாமா, போய்ட்லாம். இந்தக் கல்யாணம் நின்னுடும்” என்று என் சட்டையைப் பிடித்தான். அதற்குள் அதிகாரி அவன் முகத்தைப் பார்த்து, “ஏமைந்தண்டி? என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டார்.

“தேனீ கொட்டி...” என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். பிறகு டை பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, கடகடவென்று கொட்டிவிட்டான்.

“தேனீ இல்ல சார், டை. எனக்கு தலை முழுக்க நரை. பாக்கெட்ல என்னா கீதுன்னு டாக்டருக்கே தெரில. தமிழ்லயும் தெலுங்குலயும் பெரிசா போடச் சொல்லுங்க. பாத்துட்டு எவன் வேணா பூசிக்கினு போவட்டும்!”

ஹால் முழுக்கச் சிரிப்பு. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக எழுந்தார்.

“அந்த டைய நான்தான் விக்கிறேன். ஏஜென்ட் குடுக்கறாரு. அவருக்கு எங்கேர்ந்து வருதோ, எனக்குத் தெரியாது” என்றவர், மீசையைத் தடவிக்கொண்டார். “நானும் அதத்தான் பூசிக்கினு கீறேன், சம்பந்தி. நெத்தி அரிக்குது. வெயில்னு நெனச்சினு இருந்தேன்!”

மனுஷன் மறைத்தால் சிரிப்போடு போய்விடுகிறது. பாக்கெட் மறைத்தால்தான் ஆஸ்பத்திரி!

கல்யாணத்துக்கு இரண்டு சம்பந்திகளும் வெள்ளைத் தலையோடுதான் நிற்கப் போகிறார்கள். கல்யாணப் பெண் அன்று சாயங்காலமே மாப்பிள்ளைக்கு போன் போட்டாளாம் —

“உங்க முடி எப்டி? இப்பவே சொல்லிடுங்க!”