சட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை

நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. எண்பதுகளில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேர் தூக்கும் ஆண்கள் எல்லாரும், நானும்தான், ஒரே துணியில் சட்டை தைத்துப் போடுவது வழக்கம். மொரப்பூர் டெய்லர் ஒருவரே தைப்பார். பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்று பெற்றவளுக்கே தெரியாது.

திருவிழா முடிந்த வாரம், எங்கள் நிலத்தை ஒட்டிய காட்டுக்காரரின் சோளத்தட்டுப் போர் எரிந்தது. வரப்புத் தகராறில் அவரோடு எனக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளில் வந்த எங்கள் பங்குச் சாமியார், போரடியிலிருந்து ஒரு நீலக் கட்டச் சட்டை ஓடுவதைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டார். அது பலர் காதிலும் விழுந்தது. எனக்கோ அப்போதுதான் அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. போலீஸ் கேஸ் என்று ஆனால் அதோடு வேலை போயிற்று.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. "நீங்களே பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே சாமி," என்றார் காட்டுக்காரர்.

சாமியார் எங்கள் ஊருக்கு வருமுன் குருமடத்தில் பழைய கிரேக்கத் தத்துவம் நடத்தியவர். அதில் ஸ்டோயிக் என்றொரு கூட்டத்தார்மேல் தனிப் பிரியம். பிரசங்கத்தில்கூட அவர்களை இழுத்து வருவார், நாங்கள் கொட்டாவி விடுவோம். கண் ஒரு தோற்றத்தைக் கொண்டுவந்து நிறுத்தும், அதற்கு ஆமாம் சொல்வதா வேண்டாமா என்பது அறிவின் பொறுப்பு, தெளிவில்லாததற்கு ஆமாம் சொல்கிறவன் பார்க்காததைப் பார்த்ததாக நினைத்துக்கொள்கிறான் என்பது அவர்கள் கட்சி. அன்று அதில் அவரே மாட்டிக்கொண்டார்.

"நான் பாத்தது சட்டையைங்க. மொகத்த பாக்கல. வரப்புச் சண்டை மனசுல இருந்துச்சு, அவசரப்பட்டு இவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னுதுங்க," என்றார்.

கேஸ் இல்லாமல் போனது. எனக்கு மனம் ஆறவில்லை. "நான் தீ வெக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி?" என்று தனியாகக் கேட்டேன்.

"நீ வெக்கலன்னு நம்புறேன்டா. ஆனா அதையும் நான் பாக்கலியே."

வந்த கோபத்தில் ரொம்ப நாள் கோயில் பக்கமே போகவில்லை.

பிறகு எனக்குப் பெண் பேசியபோது, பெண்ணின் அப்பா ஏரியூரிலிருந்து விசாரிக்க வந்தார். சாமியார் அவரிடமும் இதையே, ஒரு சொல் கூட்டாமல் சொன்னார். மனிதர் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார். மகளோ, "பாத்தத மட்டும் சொல்ற ஆளே நம்புறேன்னு சொல்லியிருக்காரு. எனக்குப் போதுங்கப்பா," என்றாளாம்.

கல்யாணமாகி இத்தனை காலம் ஓடிவிட்டது. தீ வைத்தது யாரென்று இன்றுவரை தெரியாது. ஊரில் எல்லாரும் ஏதாவது ஒரு சாக்கில் என் வாயைக் கிளறிப் பார்த்துவிட்டார்கள். கேட்காதவள் அவள் ஒருத்திதான். நான் வைக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய்ப்பே கிடைக்கவில்லை.