சாலைக் கடைக்காரரின் தடித்த இதயம்

பிரேதப் பரிசோதனை டாக்டரிடம் யாரும் நலம் விசாரிக்க வருவதில்லை. சந்தேகம் கேட்கவே வருவார்கள். சொன்ன சொல்லை நாலு பேர் நம்பாத உத்தியோகம் உங்களில் யாராவது பார்த்தால் அவருக்கு என் பாடு புரியும். யுத்தத்துக்கு முன்னால், திருவனந்தபுரத்தில் ஒரு சாவு என்னைப் படுத்திய கதை இது.

தம்பி

செத்தவர் சாலை பஜாரில் அரிசிக் கடை வைத்திருந்தவர். இளைய தாரம் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தவர், "நெஞ்சு கிழியுதே!" என்று அலறி விழுந்தார். வைத்தியர் வருமுன் முடிந்துவிட்டது. மோரில் விஷம் என்று அவர் தம்பி போலீசில் எழுதிக்கொடுக்க, அந்தப் பெண்ணை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நெஞ்சைத் திறந்தேன். இதயத்தின் இடது பக்கத் தசை வழக்கத்துக்கு மீறித் தடித்திருந்தது. அங்கிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரைப் பிளந்துகொண்டு போய், இதயத்தைச் சுற்றிய பையை நிரப்பியிருந்தது. தம்பியைக் கூப்பிட்டேன். "பல வருஷத்து ரத்தக் கொதிப்பு. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் தடித்துவிட்டது. கடைசியில் குழாய் தாங்கவில்லை, கிழிந்துவிட்டது" என்றேன். நாஞ்சில் நாட்டுக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிழிஞ்சுதுன்னு சொல்லுதீரு. கிழிச்சது ஆருன்னு சொல்ல மாட்டேங்கீரே?"

இன்ஸ்பெக்டர்

வயிற்றில் இருந்ததை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை அந்தப் பெண்ணை வீட்டில் இருக்க விடலாமே என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மலையாளி, என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஸ்திரீயோடே உங்களுக்கு ஏதெங்கிலும் பந்தம் உண்டோ, சாரே?"

சிநேகிதர்

விஷம் இல்லை என்று முடிவு வந்தது, அவளை விட்டுவிட்டார்கள். இதற்குள் இன்னொன்று தெரிந்தது. செத்தவர் மாதக்கணக்காகத் தலைவலி, மூச்சிரைப்பு என்று ஸ்ரீவராகத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த என் சிநேகிதரிடம் மருந்து வாங்கியிருக்கிறார். "ரத்தக் கொதிப்பு பார்த்தீரா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் முகம் கறுத்துப் போயிற்று.

"செத்தவாளைப் பார்க்கறதோட நிறுத்திக்கும் ஓய். உயிரோட இருக்கறவாளை நான் பார்த்துக்கறேன்."

மனைவி

பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்குக் காலம்பற அவியகிட்ட சண்டை போட்டேன். அவியளும் சத்தம் போட்டாவ. அதுல கிழிஞ்சிருக்குமோ?"

கோபம் ரத்தக் கொதிப்பை ஏற்றும் என்பது எனக்குத் தெரியும். பல வருஷமாகத் தடித்த இதயத்துக்கு ஒரு காலைச் சண்டை என்ன செய்திருக்கும் என்பது தெரியாது. "இல்லை அம்மா" என்றேன். அவள் கண் கலங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோசிக்காமலே சொல்லிட்டீங்களே, டாக்டரையா?"

அந்த விவகாரத்தில் என்மேல் சந்தேகப்படாதவர் மேசையில் படுத்திருந்தவர் ஒருவர்தான். அவருக்கும் பேச வாய்த்திருந்தால் என்ன கேட்டிருப்பாரோ!