தலை இடிக்கும் உயரம்

கொட்டச்சேட்டிலிருந்து வரும் காலை பஸ் வழக்கம்போல பஷீர் பாய் கடை முன்னால் நின்றது. கடை பூட்டியிருந்தது. இறங்கப்போன என்னிடம் கண்டக்டர், "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? ஜுலைகாம்மா போயிட்டாங்க. விடியால, சேலத்து ஆசுபத்திரியில" என்றார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். இறங்கி வேலைக்கு நடந்தேன். நான் வேலை பார்ப்பது ஒரு தங்கும் விடுதியில், வருகிறவர்களை வரவேற்கும் மேசையில். அன்றும் எல்லாரிடமும் சிரித்துச் சாவி கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாயின் மனைவி ஜுலைகாக்காவைத் தெரிந்தவர்களில் பலர் முதலில் அவருடைய கூடைகளைத் தலையால் தெரிந்துகொண்டவர்கள். காப்பித்தூளும் மிளகும் விற்கும் அந்தக் கடையின் தகரத் தாழ்வாரத்தில், தேங்காய் நார் வைத்த கம்பிக் கூடைகள் வரிசையாகத் தொங்கும். மணி பிளான்ட், ஐவி, ஊதாவும் வெள்ளியும் வரியோடிய பெயர் தெரியாத ஒரு கொடி. அக்கா குள்ளம். அவர் நடந்தால் கூடையின் அடிப்பாகம் கொண்டையை உரசாமல் போகும். மற்றவர்களுக்கு நெற்றியில் இடிக்கும். இடித்துக்கொண்டவர் தலையைத் தேய்க்கும்போது அக்கா ஓடிவந்து, ஆடும் கூடையைப் பிடித்து நிறுத்தி, சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "கூடைக்கு ஒண்ணுமில்லீங்க."

"கடைக்கு வர்றவங்க மண்டைய ஒடைக்கோணும்னே கட்டியிருக்கறா" என்பார் பாய்.

"குள்ளச்சின்னு பாத்துதான கட்டுனீங்க? இப்ப கூடைய மட்டும் ஒசத்தச் சொன்னா?"

அந்த உயரத்துக்குக் காரணம் இருந்தது. கையை உயர்த்தினால் விரல் மண்ணுக்குள் போக வேண்டும். உள்ளங்கையைக் கூடைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் கனம் தெரிய வேண்டும். கனம் குறைந்திருந்தால் தண்ணீர். நீளமாகத் தொங்கும் கொடியை எல்லாரும் ரசிப்பார்கள். அக்கா ஒரு முக்காலி மேல் ஏறிக் கூடையின் மேல்பக்கத்தைத்தான் பார்ப்பார். அங்கே சொட்டை விழுந்திருந்தால் கீழே தொங்குவதில் ஒரு முழத்தை வெட்டி, மேலே மண்ணில் படுக்க வைத்து, தன் கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துவார். வேர் பிடிக்கும்வரை ஊசி அங்கேயே இருக்கும். அதனால் அவர் கொண்டை எப்போதும் பாதி அவிழ்ந்தே இருக்கும்.

கூடைகளை அவர் விற்றதில்லை. கேட்டவர்களுக்கு வெட்டிய கொடியை ஈரத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார். கடை பாயின் அப்பா வைத்தது. எந்தச் சரக்கு வாங்குவது, எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் பாயும் அவர் தம்பியும் முடிவு செய்வது. அக்கா சொன்னபடி நடந்த இடம் அந்தக் கடையில் தாழ்வாரத்து வரிசை ஒன்றுதான்.

மாலையில் பஸ் வரும்வரை நான் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏதாவது புத்தகம் படிப்பேன். என்ன படிக்கிறாய் என்று அக்கா கேட்டதில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த மாதங்களில், வீட்டில் எப்படி என்றும் கேட்டதில்லை. நானாக எதையும் சொல்கிறவளும் இல்லை. ஒரு நாள் கூடைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பெஞ்சில் இருந்த என் பையின் அடியிலும் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"ஏங்கண்ணு, டிபன் பாக்ஸ் காத்தால வந்த கனத்துலயே இருக்குது?"

"நேரமில்லீங்க்கா."

"பஸ் வர்றதுக்கு நொம்ப நேரமிருக்குது. தின்னு."

நின்று பார்க்கவில்லை. அடுத்த கூடைக்குப் போய்விட்டார். ஆறிப்போன சோற்றை நான் முழுவதும் சாப்பிட்டேன். அன்று முதல் தினமும் என் பையைத் தூக்கிப் பார்த்தார். என் நலத்தை அவ்வளவு அமைதியாக வேறு யாரும் விசாரித்ததில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. சேலத்தில் பல நாட்கள் ஆசுபத்திரியில் கிடந்தார். அப்போதுதான் பாய் கூடைகளைத் தகரத்தை ஒட்டி உயர்த்திக் கட்டினார். வருகிறவர்கள் திட்டுகிறார்கள் என்றார். யாருக்கும் தலை இடிக்கவில்லை. பார்க்கவும் அழகாகவே இருந்தது.

திரும்பி வந்த அன்று அக்கா ஜீப்பை வீட்டுக்கு விடாமல் கடைக்கு விடச் சொன்னார். நான் பெஞ்சில் இருந்தேன். மூடுபனி கடைக்குள்வரை வந்திருந்தது. அக்கா கூடைகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டினார். எட்டவில்லை. தொங்கிய கொடியின் நுனியைத்தான் பிடிக்க முடிந்தது. இலை ஈரமாக இருந்தது. இழுத்ததும் கொடி கையோடு வந்துவிட்டது.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"விடாம மழை பெய்யுது. இதுக்கு எதுக்குத் தண்ணி?"

"மழை தகரத்து மேல பெய்யுது. பனி எலையத்தான் நனைக்கும். வேருக்கு யாரு ஊத்தறது?"

பாய் அண்ணாந்து கூடைகளைப் பார்த்தார்.

"எறக்கிக் கட்டுங்க. என் கைக்கு எட்டோணும்."

"நாளைக்கு எறக்கறேன். நீ மொதல்ல ஊட்டுக்குப் போ."

மறுநாள் கடையில் கூட்டம். அதற்கடுத்த நாளும் கூட்டம். அக்காவால் கடைக்கு வர முடியவில்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்டார்: "எறக்கிட்டாராம்மா?" இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. "அவுருக்கு எங்க நேரம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பாயிடம் நானும் கேட்டேன். ஆகட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கடை, ஆசுபத்திரி, வீடு என்று அலைந்து களைத்திருந்தார். களைத்தவர்கள் எதையும் நாளைக்கு என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான்.

அக்காவை மறுபடி சேலத்துக்குக் கொண்டுபோனபோதும் கூடைகள் மேலேயே இருந்தன. அக்கா போய்விட்டார்.

கடை மறுபடி திறந்த அன்று மாலை போனேன். பாய் கட்டுக்கம்பியோடு முக்காலி மேல் நின்றிருந்தார். முதல் கூடையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். பாதிக் கொடிகள் காய்ந்திருந்தன. மண்ணில் துருப்பிடித்த கொண்டை ஊசிகள் தெரிந்தன.

"எம்புட்டு எறக்கறதுன்னு தெரியலியே கண்ணு."

எனக்கும் தெரியவில்லை. தினமும் குனிந்து போனவள்தான், அளந்து பார்த்ததில்லை.

பாய் கீழே இறங்கினார். நிமிர்ந்து நின்று, உள்ளங்கையைத் தன் தோளுக்கு நேராகத் தரைபார்க்கப் பிடித்தார். "இங்க வரைக்கும் இருப்பா." சற்று யோசித்துக் கையை மோவாய்க்கு உயர்த்தினார். "கொண்டையையும் சேத்தோணும்ல."

அந்த உயரத்தில் நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறிக் கம்பியை முறுக்கினார். இறங்கி அடுத்த கூடைக்குத் திரும்பியபோது, கட்டியதை மறந்து நெற்றியில் நன்றாக இடித்துக்கொண்டார். கூடை ஆடியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினார். அது நின்ற பிறகும் விடவில்லை.

"கூடைக்கு ஒண்ணுமில்ல" என்றார், யாரிடமோ.

சில கூடைகள் துளிர்த்திருக்கின்றன. சிலதில் இன்னும் நம்பிக்கை இல்லை. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கைப்பழக்கம். பஸ் வருவதற்குள் ஒவ்வொரு கூடைக்கும் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்கிறேன். கடைசியாக என் பையையும். பல நாட்கள் அது காலையில் இருந்த கனத்திலேயே இருக்கிறது. அப்போது பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, பசி இல்லாவிட்டாலும் சாப்பிட்டு முடிக்கிறேன்.